கைப்பக்குவம் யாருக்குச் சொந்தம்?



நிலத்துக்குப் பத்திரம் உண்டு. நகைக்கு நிறுவை உண்டு. வீட்டுக்கு வரிச்சீட்டு உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் கைப்பக்குவத்துக்கு யார் பத்திரம் எழுதி வைக்கிறார்கள்? "பாட்டி செய்த பலகாரம் பாட்டியோடு போயிற்று" என்று பெருமூச்சு விடாத வீடு நம் பங்கில் அநேகமாய் இராது. துக்கத்தோடுதான் சொல்கிறோம், ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. அது தானாகப் போயிற்றா, போக விடப்பட்டதா? பாட்டி கொடுக்காமல் போனாளா, நாம் வாங்காமல் இருந்தோமா? கேட்டுப் பார்த்தால் இது வெறும் சமையல் விஷயமல்ல, உடைமையும் நீதியும் தாழ்ச்சியும் கலந்த விஷயம் என்பது விளங்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதபடி ஒரு பலகாரத்தை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி ஜில்லாவில், கோட்டாற்று மேற்றிராசனத்துக் குடும்பங்களிலும் அவர்களுடைய இந்து அயலார் வீடுகளிலும் ஒன்றுபோலவே முந்திரிக்கொத்து உண்டு. கிறிஸ்மஸுக்கும் அதுதான், தீபாவளிக்கும் அதுதான். கலியாண வீட்டிலும் அதற்குத் தனி மரியாதை. பெயரைப் பார்த்து அதில் முந்திரிப் பருப்பைத் தேடவேண்டாம். கொடிமுந்திரி என்பது திராட்சை. பழைய கத்தோலிக்க நூல்களில் திராட்சைக்கு முந்திரிகை என்றே வழக்கு. மூன்று மூன்று உருண்டைகளாய் ஒட்டிக்கொண்டு, ஒரு சிறு திராட்சைக் குலைபோல் வருவதால் இந்தப் பெயர் என்பர். பருப்புத் தரும் முந்திரி மரமோ பிரேசில் தேசத்து மரம். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. இக்காலத்தில் சிலர் பெயருக்கு மரியாதை செய்வதாக எண்ணிப் பருப்பையும் பொடித்துச் சேர்க்கிறார்கள். ருசிக்குக் கேடில்லை, விலைக்குத்தான் கேடு.

செய்முறையைச் சொல்வது சுலபம். சிறுபயற்றை எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்து, திரிகையில் உடைத்து, தோலைப் புடைத்துப் போக்கி மாவாக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் சுண்டிப் பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும்; இதில் அவசரப்பட்டால் பலகாரம் சில நாளிலேயே கெட்டுவிடும். எள்ளும் ஏலமும் சுக்கும் அவரவர் வழக்கப்படி. கருப்பட்டியையோ வெல்லத்தையோ கரைத்து, கல் மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சி, சூட்டோடு மாவில் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்தவுடன் சிறு நெல்லிக்காயளவு உருட்டிவிட வேண்டும். ஆறிப்போனால் மாவு உதிரும். ஆகவேதான் இந்த வேலைக்கு வீடு நிறைய ஆட்கள் வேண்டும். உருண்டைகள் இறுகியபின், பச்சரிசி மாவில் மஞ்சளும் உப்பும் கலந்து கரைத்து, அதில் தோய்த்து மும்மூன்றாய்த் தேங்காயெண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும்.

இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு ஒரு புதுப் பெண் அடுப்பு மூட்டினால், பெரும்பாலும் முதல் ஈடு எண்ணெயில் உடைந்து கரையும். அல்லது பல்லை உடைக்கும் கல்லாய் வரும். காரணம் பாகின் பதம். கம்பிப் பதம் போதும் என்பார் ஒரு வீட்டார்; தண்ணீரில் விட்டால் திரண்டு வரவேண்டும் என்பார் அடுத்த வீட்டார். சீனிப் பாகு கம்பி விடும் சூட்டுக்கும், 112 முதல் 116 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உருட்டுப் பதத்துக்கும் நடுவே சில டிகிரிகளே வித்தியாசம். அடுப்பு எரிகிற வேகத்தில் அந்தச் சில டிகிரி ஒரு பேச்சு பேசி முடிப்பதற்குள் கடந்துவிடும். உஷ்ணமானியை வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். சீனிக்கு அது செல்லும். வெல்லமும் கருப்பட்டியும் வாங்கும் தடவைக்குத் தடவை வேறுபடும். புதியது ஒரு மாதிரி, பழையது ஒரு மாதிரி. மழைக்காலத்தில் இன்னொரு மாதிரி. அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. நுரையின் அளவையும் நிறத்தையும் கரண்டியிலிருந்து சொட்டுகிற விதத்தையும் பார்க்கிறார்கள். அவர்கள் கண் அறிந்ததை அவர்கள் வாய் அறியாது. "எப்போது இறக்க வேண்டும், மாமி?" என்று மருமகள் கேட்டால், "பார்த்தால் தெரியும், மக்ளே" என்று பதில் வருகிறது. மருமகள் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறாள். அது அலட்சியமாயிருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லத் தெரிந்த உண்மை அந்த மாமிக்கு அவ்வளவே.

வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாவான் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் பாடம். சமையலும் அப்படியே. எழுதி வைப்பது வீண் என்று சொல்லவரவில்லை. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" என்ற நூலை வெளியிட்டார். உறவுப் பெண்கள் ஓயாமல் கேட்டதும், நூலாகவே எழுதிவிடு என்று பெரியவர் ஒருவர் தூண்டியதும் அந்த நூலுக்குக் காரணம். தமிழ்நாட்டின் எத்தனையோ புது மணப்பெண்களுக்கு அது துணையாயிருந்தது. ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். படித்துப் பார் என்று அந்த அம்மையார் பெயர் வைக்கவில்லை.

எழுத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய நோட்டுப் புத்தகங்களில் பலமும் வீசையும் நாழியும் உழக்குமாக எழுதியிருக்கும். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, 1960-களில் கடைத்தெருவெல்லாம் கிராமும் லிட்டருமாயிற்று. சென்னை ராஜதானிக் கணக்கில் 40 பலம் ஒரு வீசை. பலம் ஒன்று சுமார் 35 கிராம். படியும் நாழியுமோ ஊருக்கு ஊர் வேறு. பாட்டி எந்த ஊர்ப் படியில் அளந்தாள் என்பது நோட்டில் இராது. அவள் உயிரோடிருக்கும்போதே அந்தப் பித்தளைப் படியை எடுத்து, அதில் பயறு எத்தனை கிராம் பிடிக்கிறது என்று நிறுத்து எழுதிக்கொண்ட பேத்தி புத்திசாலி.

இனி, நாம் கேட்க வந்த கேள்விக்கு வருவோம். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது பாவமா?

அர்ச். அகுஸ்தீன் கிறிஸ்தவப் போதனையைப் பற்றிய தமது நூலின் தொடக்கத்தில் ஒரு நியாயம் சொல்கிறார். கொடுத்தாலும் குறையாத பொருளை, கொடுக்காமல் தன்னிடமே வைத்திருப்பவன் அதை முறையாய் உடையவன் அல்லன் என்பது அதன் கருத்து. வேதத்தைப் போதிப்பது பற்றி அவர் சொன்னதை அடுப்படிக்கு இழுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் கோபிக்கவேண்டாம். அந்நியாயம் இங்கும் பொருந்துகிறது. ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றினால் முந்தைய விளக்கு மங்குவதில்லை. மருமகள் முந்திரிக்கொத்து செய்யக் கற்றுக்கொண்டதால் மாமியாரின் கை அதை மறந்துவிடுவதில்லை.

ஆனால் இதை எல்லாருக்கும் ஒரே கோலால் அளக்கக் கூடாது. பலகாரம் செய்து விற்று, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவை ஒருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள். தன் பக்குவத்தை அண்டை அயலாருக்கெல்லாம் சொல்லித்தரும் கடமை அவளுக்கு இல்லை. அவள் விஷயத்தில் கொடுத்தால் குறையும். பானையில் அரிசி குறையும். அவளிடம் நயமாய்ப் பேசிச் செய்முறையைக் கறந்துகொண்டு, மறுமாதம் எதிர்வீட்டிலேயே வியாபாரம் தொடங்குகிறவர்கள் களவு செய்யவில்லை என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்ளட்டும். நான் தேற்ற மாட்டேன்.

பிழைப்புக்காக அன்றிப் பெருமைக்காக மறைப்பவர்கள் சங்கதி வேறு. அதிலும் ஒரு பேதம் உண்டு. "இதை நான் சொல்லமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று. அது கருமித்தனமாயிருக்கலாம், ஆயினும் நேர்மையானது. எல்லாம் சொல்வதுபோல் சொல்லி, ஒரு சாமானை மட்டும் விட்டுவிடுவது இன்னொன்று. தேங்காயை வறுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், தேங்காய் போட வேண்டும் என்று மட்டும் சொன்னால் அதில் பொய்யில்லைபோலத் தோன்றும். விளைவைப் பாருங்கள். அந்தப் பெண் சொன்னபடியே செய்கிறாள். பலகாரம் கெட்டுப் போகிறது. கலியாணமாகி வந்து ஆறு மாதம் ஆகாதவள், பத்துப் பேர் நடுவில், "அவளுக்குக் கை வரவில்லை" என்ற பேச்சைக் கேட்கிறாள். தன்னிடமே ஏதோ குறை இருக்கிறது என்று நம்பிவிடுகிறாள். சிலர் அதை ஆயுள் முழுதும் நம்புகிறார்கள். ஒரு பிடி தேங்காய்த் துருவலைப் பற்றிய மௌனம் ஒரு ஜீவனின் நற்பெயரைத் தின்றுவிட்டது. இதை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் அடுப்படியையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

மறைக்கிறவளைக் கண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. அவள் ஏன் மறைக்கிறாள்? அவள் நிலையில் நின்று யோசியுங்கள். முப்பது வருஷம் அந்த வீட்டின் அடுப்பு அவள் கையில் இருந்தது. இப்போது முழங்கால் வலி, கண் மங்கல், சாவிக்கொத்து மருமகளிடம். பணம் மகனிடம். பேரப்பிள்ளைகளின் பாடம் அவளுக்குப் புரியாது. கைப்பேசியில் அவர்கள் பேசும் பேச்சும் புரியாது. வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பர் மாதத்தில், வீடு முழுதும் அவளைத் தேடி வருகிறது: "பாட்டி, பாகு வந்துவிட்டதா பாருங்கள்." அந்த ஒரு கேள்வியில்தான் அவளுடைய மிச்சமிருக்கும் மதிப்பெல்லாம் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால் அவளை யார் கேட்பார்கள்? கொடுத்தால் செய்முறை குறையாது என்று அர்ச். அகுஸ்தீன் சொன்னது மெய். குறைவது செய்முறையல்ல, அவள்மேல் மற்றவர்களுக்கு இருக்கும் தேவை. அவள் அஞ்சுவது அதற்கே.

தமிழில் "காட்டிக்கொடுத்தல்" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது சும்மாவா? குழந்தைக்கு எழுத்தைக் காட்டிக்கொடுத்தார் ஆசிரியர் என்கிறோம். யூதாஸ் தன் குருவைக் காட்டிக்கொடுத்தான் என்றும் சொல்கிறோம். கிரேக்க மொழியிலும் இப்படியே. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கடைசி இராப்போஜனத்தைப் பற்றிப் பேசுகையில், தாம் பெற்றுக்கொண்டதைச் சபைக்கு ஒப்புவித்ததற்கும், ஆண்டவர் பகைவர் கையில் ஒப்புவிக்கப்பட்டதற்கும் ஒரே வினைச்சொல்லையே வழங்குகிறார். லத்தீன் மொழிபெயர்ப்பிலும் அந்த ஒரே சொல்தான். பாரம்பரியம் என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரும் அந்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. ஒன்றை அடுத்தவர் கையில் விட்டுவிடுகிறவருக்கு, அதற்கு என்ன நேரும் என்பதன்மேல் அதிகாரம் போய்விடுகிறது. அன்பினால் விட்டாலும் போய்விடுகிறது. மூத்தவளின் உள்ளம் இதை நன்றாய் அறியும்.

ஆகவே, கேட்கிற இளையவர்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. செய்முறை மட்டும் வேண்டும், செய்தவள் வேண்டாம் என்கிற தோரணையில் கேட்டால் எந்த ஆத்துமமும் முழுமனதோடு கொடாது. பாட்டி பாகு காய்ச்சுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, "போதும், இனி நீங்கள் போய்ப் படுங்கள்" என்கிற பிள்ளைகள் உண்டு. படம் பிடிப்பது நல்லதுதான். வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்கு அது அனுப்பவும் உதவும். ஆனால் படத்தில் வாசனை வராது. மாவின் சூடு உள்ளங்கையில் ஏறாது. அதைவிட முக்கியமாக, படம் ஆனபின் பாட்டி தேவையில்லாதவளாகிவிடுகிறாள். பலகாரத்தைப் பற்றி அல்லாமல் வேறு நூறு விஷயங்களுக்கும் வருஷம் பூராவும் அவளிடம் யோசனை கேட்கிற வீட்டில், பாகின் பதத்தை அவள் தானாகவே சொல்லிவிடுவாள். பூட்டி வைக்க அவளுக்குக் காரணமிராது.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் நம்மவர்களிடையே விநோதமான வழக்கங்கள் உண்டு. மகளுக்குச் சொல்லலாம், மருமகளுக்கு ஆகாது என்பது ஒன்று. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள், மருமகளுக்கே சொல்ல வேண்டும் என்பது அதற்கு நேர் எதிர். இரண்டிலும் செய்முறையைச் சொத்தாக எண்ணும் கணக்கே இருக்கிறது. ஆண்பிள்ளைகளை அடுப்படிப் பக்கமே விடாமல் துரத்திவிட்டு, பிறகு அவன் வெளியூரில் ஹோட்டல் சாப்பாட்டால் வயிறு கெட்டுத் திரிகிறான் என்று அழுவது இன்னொன்று. கலியாண வீடுகளில் பெரிய உருளி வைத்துப் பாகு காய்ச்சுகிறவர்கள் அநேகமாய் ஆண்களே என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

இன்னும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீதியாகாது. பல வீடுகளில் "எங்கள் பாட்டி கைப்பக்குவம்" என்று நாம் பெருமை பேசும் பலகாரத்தில், பயறு வறுத்தவளும் திரிகை சுற்றியவளும் அடுப்புக்கு முன்னால் வெந்தவளும் வேலைக்கு வந்த பெண்ணாயிருப்பாள். பாட்டி நாற்காலியில் இருந்து கட்டளையிட்டிருப்பாள். பாட்டி காலமானபின் அந்தப் பக்குவம் உண்மையில் யாரிடம் இருக்கிறது? அவளிடம் போய்க் கேட்க எத்தனை மருமக்களுக்கு மனம் வருகிறது? கேட்டுக் கற்றுக்கொண்டால், விருந்தாளிகள் மெச்சும்போது அவள் பெயரைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வருகிறது? கைப்பக்குவத்துக்குப் பத்திரம் எழுதுவதாயிருந்தால், பெயர்களை எழுதும் இடத்தில் நாம் சற்றுத் தயங்கவேண்டியிருக்கும்.

கற்றுக்கொண்டவள் மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். திரிகைக்குப் பதில் மிக்ஸி, விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு, கருப்பட்டிக்குப் பதில் வெல்லம், பச்சரிசி மாவோடு கொஞ்சம் மைதா. இவ்வளவும் மாறியபின் அது பாட்டியின் முந்திரிக்கொத்துத்தானா? பாட்டியும் தன் மாமியார் செய்தபடியே செய்யவில்லை என்பதே என் பதில். அவளுக்குக் கிடைத்த பயறு வேறு, விறகு வேறு, பொறுமை வேறு. நாம் தொன்றுதொட்டு உண்பதாக எண்ணும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் வந்து சேர்ந்தது. அதை முதன்முதலாய்க் குழம்பில் போட்ட மருமகளை எந்த மாமியார் என்ன சொன்னாளோ! இருந்தாலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் உள்ளபடி செய்து, அது கைக்கு வந்தபின் மாற்றுகிறவளுக்குத் தான் எதை விடுகிறோம் என்பது தெரியும். உள்ளபடி செய்யத் தெரியாமலே மாற்றுகிறவளுக்கு அது தெரியாது. முன்னவள் செய்வதை மாற்றம் என்பேன். பின்னவள் செய்வது வெறும் மறதி.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்லிக்கொடுத்தபின் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். இளையவள் பாகைக் கிளறும்போது அது பதம் தாண்டப்போவது உங்களுக்குத் தெரியும். கை தானாக நீளும். நீண்டால் அந்தக் கொத்து நன்றாய் வரும். அவள் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாள். பாகு கெட்டால் நஷ்டம் அரைக் கிலோ வெல்லமும் கொஞ்சம் பயறும். நம் வீடுகளில் இதைவிடப் பெரிய நஷ்டங்களை வாய் திறவாமல் பொறுத்திருக்கிறோம்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு அடுப்பு மூட்டும்போது, பாட்டிக்கு அடுப்பின் புகையும் எண்ணெயும் படாத தூரத்தில், பாகின் நுரை கண்ணுக்குத் தெரிகிற இடமாய்ப் பார்த்து ஒரு பலகை போடுங்கள். பயறு வறுத்த அந்தப் பெண்ணையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பாகை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதில் சொட்டி, அந்தச் சொட்டை இருவரிடமும் நீட்டுங்கள். அவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். முதல் ஈட்டில் உடைந்தவற்றை வீசிவிட வேண்டாம். எண்ணெய் வடித்து ஒரு தட்டில் வைத்தால், உருட்ட வந்த பிள்ளைகள் ஆறுவதற்குள் தின்று தீர்த்துவிடுவார்கள்.